இருபது பாட் சவாரி

நவம்பர் 12, இரவு

பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் டாக்ஸி இயந்திரத்தைத் தட்டிச் சீட்டு எடுத்தேன். வண்டி நிற்கும் இடத்தின் எண் அதில் இருக்கும். மீட்டர் தொகை, அதற்கு மேல் 50 பாட் (தாய்லாந்துப் பணம்), விரைவுச்சாலையில் போனால் சுங்கமும் நம் தலையில். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

பெட்டியை டிக்கியில் வைத்ததும் ஓட்டுநர் சிரித்தபடி கை நீட்டினார். சீட்டைக் கொடுத்தேன்; சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். மேம்பாலம் ஏறிய பிறகு பார்த்தால் மீட்டர் இருட்டாகக் கிடக்கிறது. "மீட்டர்?" என்றேன். "டிராஃபிக். 700" என்றார். புகார் கொடுக்க அந்தச் சீட்டுதான் ஆதாரம். அது இப்போது அவர் பையில்.

சென்ட்ரல் வாசலில் 20 ரூபாய்க்காக ஆட்டோக்காரரிடம் மல்லுக்கு நிற்பவன் நான். இங்கே 700 பாட், சுங்கம் தனி, இரண்டையும் கொடுத்துவிட்டு "தேங்க் யூ" வேறு சொன்னேன். "ஏங்க, எதுக்குங்க தேங்க் யூ?" என்றாள் மனைவி.

நவம்பர் 13

இன்று அதைவிட மோசம்.

பாங்காக் அரச அரண்மனை மதிலோரம் நடந்துகொண்டிருந்தோம். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, அறுபது வயது மனிதர். "இன்று பூஜை. மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்றார் அக்கறையாக. நம் வரைபடத்தை வாங்கி மூன்று இடங்களைப் பேனாவால் வட்டம் போட்டார். மூன்றுக்கும் சேர்த்து 20 பாட்தானாம். சொல்லி வைத்ததுபோல ஒரு டுக்டுக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, வந்து நின்றது. 20 பாட்டுக்கு யார் ஊர் சுற்றிக் காட்டுவார்கள் என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. ஆனாலும் ஏறினேன்.

முதலில் சின்னக் கோயில். அங்கே சும்மா உட்கார்ந்திருந்த ஒருவர் தானாகப் பேச்சுக் கொடுத்து, ரத்தினக்கல் விலை இந்த வாரம்தான் குறைவு என்றார். அடுத்து ரத்தினக்கல் கடை. அப்புறம் கோட்டு தைக்கும் கடை. டுக்டுக்காரர் மட்டும் ஒளிக்கவில்லை: "பத்து நிமிஷம் உள்ளே இருங்கள், எனக்குப் பெட்ரோல் கூப்பன் தருவார்கள்." நவம்பர் வெயிலில் கம்பளித் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி நீலக்கல் கம்மலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். நல்லவேளை.

இரண்டு கடையிலும் எதுவும் வாங்காததால் மூன்றாவது கடை வாசலில் எங்களை இறக்கிவிட்டுக் காணாமல் போனார். 20 பாட்டைக்கூட வாங்கவில்லை. அரண்மனைக்குத் திரும்பி வரும்போது மணி நான்காகிவிட்டது. டிக்கெட் கொடுப்பது மூன்றரையோடு முடிந்துவிடும். காலை எட்டரைக்கே திறந்திருக்கிறார்கள், பூஜையுமில்லை, ஒன்றுமில்லை. அந்நியர் பேச்சை நம்பாதீர்கள் என்று மதிலருகே பலகையே வைத்திருக்கிறார்கள். காலையில் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.

நவம்பர் 14

அரண்மனைக்கு இன்று படகில் போனோம். தலைக்கு 500 பாட் டிக்கெட். வாசலுக்கு முன்னால் இரண்டு பேர் "குளோஸ்டு" என்றார்கள். மனைவி நிற்கவே இல்லை, நானும் பின்னாலேயே போய்விட்டேன்.

மாலை சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு டாக்ஸி. தமிழர்கள் கட்டிய கோயில் என்பதால் ஊருக்கு வந்ததிலிருந்தே போக வேண்டும் என்றிருந்தது. கண்ணாடிக்குள் சிவப்பு விளக்கு எரிந்த (காலி என்று அர்த்தம்) வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே "மீட்டர்?" என்றேன். ஓட்டுநர் பதில் சொல்லாமல் பொத்தானைத் தட்டினார். 35 என்று விழுந்தது. வழி முழுக்க வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை, அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது 83. நூறு பாட் நோட்டைக் கொடுத்தேன். மனிதர் விளக்கைப் போட்டு, டப்பாவைக் கிளறி, ஒரு பத்து, ஒரு ஐந்து, இரண்டு ஒன்று என்று உள்ளங்கையில் வைத்தார்.

அவர் எதிரிலேயே எண்ணிப் பார்த்தேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு பூக்கடைப் பக்கம் போய்விட்டாள்.