வேலை முழுக்க ஓரத்தில்தான்

கொட்டானைப் போட்டோ எடுத்து, பின்னணியை நீக்கி, அச்சுக்குத் தயார் செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். பனை ஓலை முடைந்த கூடை, வாய் ஓரத்தில் நூல் பின்னல், அதில் கோத்த பாசிமணி. அந்தப் பின்னலில் ஒவ்வொரு கண்ணும் ஒரு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையிலும் பின்னால் விரித்திருந்த வெள்ளைத் துணி எட்டிப் பார்க்கும். வெளிக்கோட்டை மட்டும் பென் டூலில் (கம்ப்யூட்டரில் கோடு வரைந்து வெட்டும் கருவி) வெட்டிக் கொடுத்தால் ஸ்கிரீனில் யாருக்கும் தெரியாது. அரக்குச் சிவப்புக் கல்யாணப் பத்திரிகை மேல் அச்சாகி வரும்போதுதான் ஓட்டைகளுக்குள் வெள்ளை வெள்ளையாக நிற்கும்.

காரைக்குடியில் டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, சாந்திக் கல்யாணப் (அறுபதாம் கல்யாணம்) பத்திரிகை, பழைய சாமான் கடைக்கு கேட்லாக், பலகார டப்பாவுக்கு லேபிள் என்று வருகிற வேலையில் பெரும்பாதி, ஒன்றை வெட்டி எடுத்து இன்னொன்றின் மேல் வைப்பதுதான். இப்போது போனே ஒரு தட்டலில் பின்னணியை எடுத்துவிடுகிறது, அதையே கொண்டுவந்து தருகிறார்கள். "ஏன் தம்பி, போன்ல நல்லாத்தானே இருக்கு?" என்று ஒரு ஆச்சி கேட்டார்கள். போனில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும், 1000 பிக்சல் அகலமுள்ள படம் ஏறத்தாழ மூன்றேகால் அங்குலத்துக்கு மேல் தாங்காது. அதைப் பத்திரிகையின் முழு அகலத்துக்கு இழுத்தால் முதலில் நைந்துபோவது நடுப்படம் இல்லை, ஓரம்.

ஓரத்து பிக்சல் பாதி பொருளுடையது, பாதி பின்னணியுடையது. மென்மையாகத் தெரிவதற்காகவே அது பாதி ஒளிபுகும்படி இருக்கும். அதன் ஒளிபுகும் அளவை மட்டும் சரிசெய்தால் போதாது, அதற்குள் ஊறியிருக்கும் பழைய பின்னணியின் நிறத்தையும் எடுக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பல பத்திரிகைகளில் பிள்ளையாரைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறது. மாஸ்க்கை, அதாவது வெட்டின எல்லையை, ஒரு பிக்சல் உள்ளே தள்ளுவது பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. கொட்டான் பின்னலில் அப்படித் தள்ளினால் நூலே காணாமல் போகும். அங்கே ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் நிறத்தை எடுத்து ஓரத்தின் மேல் பூசுவேன், பொறுமையாக. அடியில் ஒரு தடவை கறுப்பு, ஒரு தடவை வெள்ளை, ஒரு தடவை பத்திரிகையின் அசல் நிறம் வைத்துப் பார்க்காமல் எந்தப் படத்தையும் முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஃபைல். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது ஜேபிஜியாகிவிடும், ஜேபிஜிக்கு ஒளிபுகும் பகுதி என்று ஒன்றே கிடையாது, பின்னணி எடுத்த இடம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ நிரம்பிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். பிஎன்ஜி ஒளிபுகும் பகுதியைக் காப்பாற்றும், ஆனால் அதற்கு ஸ்கிரீனுக்கான ஆர்ஜிபிதான் (சிவப்பு, பச்சை, நீலம்) தெரியும், அச்சின் நான்கு மைகளான சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) தெரியாது. அதனால் கடைசிப் படத்தை சிஎம்ஒய்கேவில், பிஎஸ்டி அல்லது டிஃப் ஃபைலாக, லேயரோடு (படத்தின் அடுக்குகள் தனித்தனியாக) வைத்துக்கொள்வதுதான் எனக்குப் பழக்கம்.

நிழல் பெரிய சமாச்சாரம். ஆர்ஜிபி கறுப்பில் போட்ட நிழல் மாற்றும்போது நான்கு மைகளாகப் பிரியும், மெஷினில் ஒரு பிளேட் (ஒவ்வொரு மைக்கும் தனியாக உள்ள அச்சுத் தகடு) கொஞ்சம் நகர்ந்தால் நிழல் ஓரத்தில் நீலமோ சிவப்போ எட்டிப் பார்க்கும். அதனால் நிழலைக் கறுப்பு மையில் மட்டும், மல்டிப்ளையில் (அடியில் உள்ள நிறத்தோடு கலந்து இருட்டாக்கும் முறை) போடுவேன். மங்கு (எனாமல்) சாமான் கேட்லாக் செய்யும்போது இது இன்னும் கஷ்டம். வெள்ளை மங்குத் தட்டு, விளிம்பில் மட்டும் நீலக்கோடு, தாளும் வெள்ளை. நிழல் இல்லையென்றால் தட்டே இல்லை. மிக மெல்லிய நிழலோ அச்சில் நிற்காது, இரண்டு மூன்று சதவீத மைக்குக் கீழே புள்ளி விழாமல் நிழல் திடீரென்று ஒரு கோட்டில் முடிந்துவிடும். அதனால் வெள்ளைத் தாளில் வைத்தே எடுத்து, அந்தத் தட்டின் சொந்த நிழலைத் தனி லேயராக எடுத்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் போடும் நிழலைவிட அதுதான் தட்டைத் தரையில் உட்கார வைக்கிறது.

பிளேட்டுக்கு அனுப்பும் பிடிஎஃப்பிலும் கவனம் வேண்டும். ஒளிபுகும் பகுதியை அப்படியே வைத்திருக்கும் வசதி பிடிஎஃப் 1.4-ல், 2001-ல் வந்தது. அச்சுக்கென்று உள்ள பிடிஎஃப் வகைகளில் பிடிஎஃப்/எக்ஸ்-4 அதை ஏற்கும். பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ ஏற்காது, எல்லாவற்றையும் தட்டையாக்கித் துண்டு துண்டாக்கித்தான் அனுப்ப வேண்டும். இன்னும் அதையே கேட்கிற அச்சகங்கள் உண்டு, கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். அப்போது நிழலுக்கு அடியில் மாட்டிய எழுத்து படமாகவோ வெறும் வெளிக்கோட்டு வடிவமாகவோ மாறி, அந்த இடத்தில் மட்டும் தடித்துப்போகும். நம் பத்திரிகைகளில் பெரியப்பா, சித்தப்பா, அம்மான் என்று பெயர் வரிசை எவ்வளவு நீளம், அதில் ஒரு பெயர் பாதி தடிப்பாகவும் பாதி மெலிதாகவும் வந்தால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்து லேயரை எப்போதும் எல்லாப் படங்களுக்கும் மேலே வையுங்கள். தங்க மை தனி பிளேட் என்றால், அதன் மேல் நிழல் விழும் இடத்தைப் பிளேட் பிளேட்டாகப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

தேன்குழல், சீப்புச் சீடை டப்பாவுக்கு ஒட்டுகிற, கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற ஸ்டிக்கரில் கணக்கே மாறும். அங்கே வெள்ளைத்தாள் அடியில் இல்லை, வெள்ளையும் ஒரு மைதான். படத்துக்கு அடியில் வெள்ளைக்குத் தனி பிளேட் செய்து, அதை ஓரத்தில் இம்மி உள்ளே இழுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் மை நகரும்போது வெள்ளை வெளியே தெரியும். பாதி ஒளிபுகும் இடங்களில் வெள்ளை எவ்வளவு போடலாம் என்பதை உள்ளே இருக்கும் பலகாரத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இப்போதெல்லாம் கொட்டான் வேலை வந்தால் படத்தை வாங்குவதில்லை, கொட்டானையே கேட்கிறேன். பத்திரிகையின் நிறத்துக்குப் பக்கத்தில் வருகிற துணி ஒன்றைப் பின்னால் கட்டி, சற்றுத் தள்ளி வைத்து, கடையிலேயே எடுத்துவிடுகிறேன். பின்னல் கண்ணுக்குள் தெரிகிற நிறமும் அச்சாகப் போகிற நிறமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், ஓரத்தில் பூசும் வேலை பாதிக்கு மேல் குறைகிறது.