ஆயுதம் அழிந்ததற்கு இரண்டு சாட்சிகள்

வட அயர்லாந்தில் 3,500-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை மதச் சண்டை என்று எழுதிப் பழகிவிட்டோம். உண்மையில் நிலம் எந்த நாட்டோடு இருக்க வேண்டும் என்பதே வழக்கு. அயர்லாந்தோடு என்றவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர், பிரிட்டனோடு என்றவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட். அதைத் தீர்ப்பதில் மதம் என்ன செய்தது என்று கேட்டால், சமாதானப் பிரசங்கங்களை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். உதவியவை இரண்டு: ஒரு மடத்தின் அறை, பொய் சொல்லாது என்று நம்பப்பட்ட நாக்கு.

அறை, மேற்கு பெல்ஃபாஸ்ட் குளோனார்ட் மடத்தில் இருந்தது. 1988 ஜனவரியில், வன்முறையை எதிர்த்த கத்தோலிக்கத் தரப்பு அரசியல்வாதி ஜான் ஹியூமையும், அயர்லாந்தோடு சேர ஆயுதமேந்திப் போராடிய ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெயின் கட்சியின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸையும் பேச வைத்தவர் அங்கிருந்த பாதிரியார் அலெக் ரீட். ஆடம்ஸோடு பேசுவது தெரிந்தால் எந்த அரசியல்வாதிக்கும் பெயர் கெட்டுவிடும். மடத்துக்குள் போய்வருவதை யாரும் கவனிப்பதில்லை. அந்த மார்ச் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ரீட் தெருவில் மண்டியிட்டு ஜெபித்தபோது, ஹியூமிடம் சேர்க்க வேண்டிய தாள் அவரிடம் இருந்தது. ரத்தம் பட்ட உறையை மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் வர 1994 ஆகஸ்ட் 31 ஆயிற்று. இந்த வேலைக்கு இவ்வளவு பொறுமை வேண்டும்.

1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு ஐ.ஆர்.ஏ.வின் ஆயுதம்தான் முட்டுக்கட்டை. அழிப்பதைப் படம் எடுத்துக் காட்டு என்றார் யூனியனிஸ்ட் (பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்ற தரப்பு) தலைவர் இயன் பெய்ஸ்லி, அவரும் ஒரு சபையை நிறுவிய போதகர். ஐ.ஆர்.ஏ. மனம் வருந்தியதைக் காட்ட இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார வேண்டும் என்று வேதாகம மொழியிலேயே பேசினார். அவமானம் என்று ஐ.ஆர்.ஏ. மறுத்தது, 2004 டிசம்பரில் பேச்சு முறிந்தது. 2005 செப்டம்பரில் படத்துக்குப் பதில் இரண்டு பேர்: ரீட், மெதடிஸ்ட் போதகர் ஹரோல்ட் குட். சர்வதேச ஆணையம் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்ததை நேரில் பார்த்து, இருவரும் சேர்ந்து சாட்சி சொன்னார்கள். ரீட் தனியாகச் சொல்லியிருந்தால் புராட்டஸ்டன்ட் தெருக்களில் எடுபட்டிருக்காது. ஒரு தரப்பின் சாமியார் எத்தனை நல்லவரானாலும் மறு தரப்புக்கு அவர் அந்தத் தரப்பின் ஆள்தான். சாட்சி ஜோடியாக வேண்டும் என்பது அதனால்தான்.

நாக்கின் மதிப்பு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதும் உடனே தெரிந்தது. அக்டோபரில் பெல்ஃபாஸ்டின் ஒரு பிரெஸ்பிடீரியன் ஆலயக் கூட்டத்தில், யூனியனிஸ்ட்கள் கத்தோலிக்கரை நடத்தியதை நாஜிகளோடு ஒப்பிட்டுவிட்டார் ரீட். மன்னிப்புக் கேட்டார். சாட்சியை ஏற்கத் தயங்கிக்கொண்டிருந்த புராட்டஸ்டன்ட்களுக்கு அதைத் தள்ளிவிட அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.