வெளிநாட்டில் வாங்கிய லேப்டாப்பில் மொழி மாற்றம்: முதலில் பதிப்பைப் பாருங்கள்

ஜப்பானியத்திலோ கொரிய மொழியிலோ ஜெர்மனிலோ பேசும் விண்டோஸ் கைக்கு வந்தால், எல்லோரும் நேராக செட்டிங்ஸுக்குள் புகுந்து மொழியைத் தேடுவார்கள். அரை மணி நேரம் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தைப் பிடித்த பிறகுதான், இந்த உரிமத்துக்கு ஒரே ஒரு காட்சி மொழிதான் என்று திரை சொல்லும். அது பழுதல்ல. 'ஹோம் சிங்கிள் லாங்வேஜ்' என்றே ஒரு பதிப்பு இருக்கிறது. எந்த வழியில் போக வேண்டும் என்பதைப் பதிப்புதான் முடிவு செய்கிறது.

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் சி, எம், டி எழுத்துகளை அடித்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-என்டர் கொடுங்கள். அனுமதி கேட்கும் பெட்டியில் இடப்பக்கப் பொத்தான்தான் 'ஆம்'. கறுப்புத் திரையில் 'டிஸ்ம் /ஆன்லைன் /கெட்-கரன்ட்எடிஷன்' கட்டளையை ஆங்கில எழுத்தில் (முதல் சொல் டி, ஐ, எஸ், எம்) அடித்து என்டர் கொடுங்கள். அடிக்கும் எழுத்து ஜப்பானிய எழுத்தாக மாறினால், எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையை ஒரு முறை தட்டினால் போதும். ஜெர்மன் கீபோர்டில் சாய்கோடு, ஷிஃப்டுடன் 7. பதிலில் 'கோர்' என்று மட்டும் இருந்தால் ஹோம். 'புரொஃபஷனல்' என்றால் ப்ரோ. 'கோர்சிங்கிள்லாங்வேஜ்' என்றால் ஒற்றை மொழிதான்.

ஹோமோ ப்ரோவோ என்றால் வேலை எளிது. நிலுவையில் அப்டேட் இருந்தால் அதை முடித்து ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். பிறகு ரன் பெட்டியில் 'எம்எஸ்-செட்டிங்ஸ்:ரீஜன்லாங்வேஜ்' கொடுத்தால், மெனு எதையும் படிக்காமலே மொழிப் பக்கம் திறக்கும். மொழி சேர்க்கும் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் சொந்த எழுத்திலேயே இருப்பதால் குழப்பமில்லை. அடுத்த பக்கத்தில் மொழித் தொகுப்புக்கான கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கீபோர்டு மட்டும் சேரும், மெனுக்கள் பழைய மொழியிலேயே கிடக்கும். 'மாற்றினேன், மாறவில்லை' என்ற புலம்பல்களில் பல இங்கேதான் பிறக்கின்றன. கடைசியில் சைன் அவுட் செய்து திரும்ப வர வேண்டும்.

தமிழ்த் திரை வேண்டுமென்றால் முதலில் ஆங்கிலம் இருக்க வேண்டும். விண்டோஸின் தமிழ் முழு மொழிபெயர்ப்பு அல்ல. ஆங்கிலத்தின் மேல் போர்த்திய மேலடுக்கு. தமிழில் இல்லாத இடங்கள் ஆங்கிலத்தில் தெரியும்.

உள்ளே ஆங்கிலமாகியும் லாகின் திரை மட்டும் பழைய மொழியிலேயே இருக்கும். ரன் பெட்டியில் 'இன்டிஎல்.சிபிஎல்' (ஐ, என், டி, எல், புள்ளி, சி, பி, எல்) அடித்து, கடைசித் தாவலின் மேல் பொத்தானைத் திறந்து, அடியில் உள்ள இரண்டு கட்டங்களிலும் டிக் போடுங்கள். அதே தாவலின் கீழ்ப் பொத்தான், எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையைப் பயன்படுத்தாத பழைய மென்பொருள்களுக்கானது. ஜப்பானிய இயந்திரத்தில் கோப்புப் பாதையின் பின்சாய்கோடு யென் குறியாகவும், கொரிய இயந்திரத்தில் வான் குறியாகவும் தெரிவதற்கு இந்த அமைப்பே பெரும்பாலும் காரணம். மாற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சில மாறாது. மீட்புத் திரை, தயாரிப்பாளர் போட்டுத் தந்த செயலிகள், நிர்வாகிக் குழுவின் (முழு அதிகாரம் உள்ள பயனர் கணக்குகளின் குழு) பெயர் ஆகியவை முதலில் நிறுவிய மொழியிலேயே நிற்கும். ஜெர்மன் விண்டோஸில் அந்தக் குழு 'அட்மினிஸ்ட்ராடோரன்'தான். ஆங்கிலப் பெயரை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) அங்கே உதைக்கும். ஆகவே புது லேப்டாப், உள்ளே கோப்பு ஏதும் இல்லை என்றால், ஹோமாக இருந்தாலும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே மேல். ஒற்றை மொழிப் பதிப்புக்கோ, பணம் கட்டி ப்ரோவுக்கு மாறாவிட்டால், வேறு நேர் வழியே இல்லை.

அதற்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை அதே லேப்டாப்பில் ஓட்டினால், அது பழைய மொழியையே பரிந்துரைக்கும். பரிந்துரையை ஏற்கும் டிக்கை எடுத்துவிட்டு மொழியை நீங்களே தேர்ந்தெடுங்கள். உரிம எண் பொதுவாக மதர்போர்டு ஃபர்ம்வேரில் (டிஸ்க்கைத் துடைத்தாலும் அழியாத உள் மென்பொருள்) பதிந்திருக்கும். நிறுவும்போது பதிப்பு தானாக அமைந்து, இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும்.

இங்கே இரண்டு தடங்கல்கள் வரலாம். ஒன்று, நிறுவும் திரையில் டிஸ்க்கே தெரியாது. இன்டெல் சேமிப்பக டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்) இல்லாததே வழக்கமான காரணம். இன்னொன்று, வைஃபை டிரைவர் இல்லாமல் நடுவழியில் நிற்பது. துடைப்பதற்கு முன்பே இரண்டு டிரைவர்களையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, பிரித்து, பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

மேக் என்றால் இந்தப் பாடே இல்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் மொழிப் பட்டியலின் தலைக்கு ஆங்கிலத்தை இழுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது.

விசைகளின் மேல் அச்சடித்திருப்பது மட்டும் எதைச் செய்தாலும் மாறாது. ஜெர்மனில் ஒய், இஸட் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சில் ஏ, க்யூ இடம் மாறும், மேல்வரிசை எண்களுக்கு ஷிஃப்ட் வேண்டும். லேஅவுட்டை மாற்றிவிட்டு லாகின் திரையில் பழைய கையோட்டத்தில் பாஸ்வேர்டு அடித்தால் தவறென்றுதான் சொல்லும். மூலையில் எந்த கீபோர்டு இருக்கிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள்; கண் சின்னத்தை அழுத்திப் பிடித்தால் என்ன விழுகிறது என்பது தெரிந்துவிடும்.