மழை மாசம்

சிங்கப்பூரில் இலையுதிர் காலம் ஏது? மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்து இடி இடித்தால் எங்களுக்கு நவம்பர். அவ்வளவுதான்.

நானும் அவரும் ஷிப்டு மாற்றி ஓடுகிறோம். பல நாள் லிஃப்ட் வாசலில்தான் சந்திப்பே. நேற்று மழை பிடித்தபோது இருவருமே வீட்டில் இல்லை. நடைபாதையில் காயப்போட்ட துணியை எதிர்வீட்டு மாக்சிக் (மலாய் ஆன்ட்டி) எடுத்து மடித்து வைத்திருந்தார். பையனின் சாக்ஸைக்கூட ஜோடி சேர்த்து! (நானே அதைச் செய்வதில்லை.) நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று நாலு வருஷமாகச் சொல்கிறேன், ஆனாலும் தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லி குவே லாப்பிஸ் என்ற அடுக்குக் கேக் தருவார். வெறும் டப்பாவைத் திருப்பித் தர மனசு வரவில்லை. இந்த வருஷம் நானும் முறுக்கு சுட்டுவிட்டேன். கொஞ்சம் கடினம்தான், பல் ஜாக்கிரதை என்றே கொடுத்தேன்.

ஞாயிறு ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டிய கோயில். கல்லறைத் திருநாளுக்குத் தாத்தா பெயரை எழுதிக் கொடுத்தோம். பூசை முடிந்ததும் பாடகர் குழுவில் கரோல் பயிற்சி. சின்னவள் முதல் பாட்டிலேயே என் தோளில் தூங்கிவிட்டாள். அப்புறம் லிட்டில் இந்தியா தேக்காவில் பரோட்டா வாசனைக்குத்தான் கண் திறந்தாள்.