2/1 என்பது ஜனவரி 2 அல்ல

2024 மார்கழி. சென்னையில் ஒரு சபா அரங்கில் நாட்டிய நாடகத்துக்கு ஒளியமைப்பு வேலை. மறுநாள் காலை ஒத்திகை. இரவு பதினொன்றரை மணிக்கு, பின்திரைக்கு முன்னால் தொங்கிய 12 பார்கேன் விளக்குகள், அதாவது டப்பா வடிவ மேடை விளக்குகள், மட்டும் எரியவில்லை. மற்றதெல்லாம் எரிகிறது.

சரியாகப் பன்னிரண்டு என்பதுதான் எங்களைத் திசைதிருப்பியது. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும், வாடகைக்கு எடுத்த டிம்மர் பெட்டியிலும் 12 சேனல். பெட்டிதான் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றும். வண்டி அனுப்பி வேறு பெட்டி வரவழைத்தோம். அப்போதும் எரியவில்லை. கேபிளை மாற்றினோம். லைட்மேன் அண்ணன் ஏணியில் ஏறி ஒவ்வொரு பல்பாகக் கழற்றி மாட்டிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர், காலை ஏழு மணியிலிருந்து உட்காராதவர். "தம்பி, லைட்டுல கோளாறு இல்ல. நீங்க உங்க பேப்பரைப் பாருங்க" என்று மேலிருந்தே சொன்னார்.

பேப்பர் என் பொறுப்பு. வடிவமைப்பாளர் வெக்டர்வொர்க்ஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து தருவார். அதை வைத்து லைட்ரைட் மென்பொருளில் பட்டியல் தயாரிப்போம். ஜான் மெக்கெர்னன் என்ற ஒளி வடிவமைப்பாளரே எழுதிய மென்பொருள் அது. வேலை தெரிந்தவர் செய்தது என்பது அட்டவணையின் ஒவ்வொரு பத்தியிலும் தெரியும். எந்தக் கம்பியில் தொங்குகிறது, என்ன கலர், எத்தனை வாட், விளக்குகளை இயக்கும் கன்சோலில் எந்த சேனல், டிம்மருக்கு என்ன அட்ரஸ் என்று ஒரு விளக்குக்கு ஒரு வரி. இதில் அட்ரஸ்தான் உயிர். கன்சோலிலிருந்து விளக்குகளுக்குத் தகவல் அனுப்ப 1986இல் வந்த டிஎம்எக்ஸ் 512 முறையில் ஒரு கேபிளில் 512 அட்ரஸ் போகும். அதை ஒரு யூனிவர்ஸ் என்போம். போதாவிட்டால் இரண்டாவது யூனிவர்ஸ். அதன் முதல் அட்ரஸை 2/1 என்று எழுதுவது வழக்கம்.

அரங்கின் சொந்த விளக்குகள் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன. வாடகைக்கு வந்தவற்றை மட்டும் உதவிக்கு வந்த கல்லூரி மாணவி எக்செலில் தட்டிக் கொடுத்தார். நான் அதை அப்படியே லைட்ரைட்டுக்குள் இறக்கினேன். அன்று இரவு லேப்டாப்பை மடியில் வைத்து அந்தக் கோப்பைத் திறந்தேன். அட்ரஸ் பத்தியில் 2/1 இருக்க வேண்டிய இடத்தில் 45293. அடுத்தது 45324. அதற்கடுத்தது 45353.

முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். 31. பிறகு 29. பிறகு 31, 30, 31, 30. அந்த 29தான் காட்டிக்கொடுத்தது. 2024 லீப் வருடம். பிப்ரவரிக்கு 29 நாள்.

நடந்தது இதுதான். 2/1 என்று தட்டியதும் எக்செல் அதை ஜனவரி 2ஆம் தேதி என்று எடுத்துக்கொண்டது. 2/2 பிப்ரவரி 2. இப்படியே 2/12 வரை, டிசம்பர் 2. பன்னிரண்டு சேனல், பன்னிரண்டு மாதம். அதே யூனிவர்ஸில் எல்இடி விளக்குகளை 2/101 முதல் போட்டிருந்தோம். அப்படி ஒரு தேதி கிடையாது என்பதால் அவை தப்பித்தன. அட்ரஸ் பத்தியில் தேதி நிற்பதைப் பார்த்த மாணவி, சரிசெய்வதாக நினைத்து அதை எண்ணாக மாற்றிவிட்டார். 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எக்செல் எண்ணிக்கொண்டு வரும் நாள் கணக்கு வெளியே வந்தது. 45293ஐ 512 கணக்கில் பிரித்தால் 89வது யூனிவர்ஸ், 237வது அட்ரஸ். எங்களிடம் இருந்தது நான்கு யூனிவர்ஸ். கன்சோல் அந்த 12 விளக்குகளுக்கும் ஒழுங்காகத் தகவல் அனுப்பிக்கொண்டேதான் இருந்தது, யாரும் இல்லாத முகவரிக்கு.

பன்னிரண்டு கட்டத்தையும் கையால் திருத்தி மறுபடி இறக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்திரை முழுக்க நீலம் பரவியது. அண்ணன் ஏணியிலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேற எதுக்கும் ஏறணுமா தம்பி?" என்றார். "வேண்டாம்ணே, இறங்கிடுங்க" என்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மாணவி அழுதுவிட்டார். அவர்மேல் தப்பில்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். தட்டியது சரியாகத்தான் தட்டினார். கேட்காமல் மாற்றியது எக்செல். பார்க்காமல் இறக்கியது நான். அன்றிலிருந்து யூனிவர்ஸுக்கு ஒரு பத்தி, அட்ரஸுக்கு ஒரு பத்தி எனத் தனித்தனியாக வைக்கிறோம். சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். 2.10 என்று தட்டினால் 2.1 ஆகிவிடும். பத்தாவது விளக்கும் முதல் விளக்கும் ஒன்றாகிவிடும்.

கலர் பத்தியிலும் இப்படி ஒரு குழி உண்டு. விளக்கின் முன்னால் மாட்டும் கலர்த்தாளான ஜெல் பேப்பரில் லீ கம்பெனியின் 002 ரோஸ் பிங்க். ரோஸ்கோலக்ஸ் என்ற இன்னொரு வகையில் 02 ஆம்பர் சாயல். முன்னால் எழுத்துப் போடாமல் எண்ணை மட்டும் தட்டினால் முன்பூஜ்யம் உதிர்ந்து இரண்டுமே வெறும் 2 ஆகி நிற்கும். அதனால் எல், ஆர் என்ற முதலெழுத்து இல்லாத பட்டியலை நான் வாங்குவதே இல்லை.

இன்னொன்று தமிழில் தட்டுகிறவர்களுக்கு மட்டுமே வருவது. சென்ற வருடம் ஒரு நாடகத்துக்கு, விளக்கின் பயன் என்ன என்ற பத்தியைத் தமிழிலேயே வைத்துக்கொண்டோம். மேடையில் எல்லோரும் பேசுவது அதுதானே. கோயில் காட்சிக்கு 14 விளக்கு. பயன்வாரியாக அடுக்கினால் 'கோயில்' என்று 9 ஒரு இடத்தில், 5 வேறு இடத்தில். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. அழித்துவிட்டு எல்லாவற்றையும் திரும்பத் தட்டலாம் என்று நான் சொன்னபோது, "இருங்கண்ணா, ஏன்னு பார்த்துடலாம்" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் அதே மாணவி. இப்போது அவர் எங்கள் குழுவில் ஒருவர்.

ஒன்பதில் ஒன்றைத் திறந்து 'கோ'வுக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டினார். 'க' மிஞ்சியது. ஐந்தில் ஒன்றைத் திறந்து அதே இடத்தில் ஒருமுறை தட்டினார். 'கே' மிஞ்சியது.

யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். நிரலுக்கு வேறு வேறு சொல். அந்த ஐந்து வரிகள் பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றி எடுத்து ஒட்டியவை. அவர் ஐந்தையும் திருத்தி மறுபடி அடுக்கினார். பதினான்கும் வரிசையாக வந்து நின்றன. அப்புறம் தானாகவே 'பொது' என்றிருந்த கட்டங்களுக்குப் போய் ஒவ்வொன்றாக பேக்ஸ்பேஸ் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.