குளிர் ஊரில் கொதித்த பிராசசர்

கோத்தகிரியில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். படகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழா வேலைகளும் கல்யாண வேலைகளும் வரிசையில் நின்ற ஒரு ஜனவரியில் சிஸ்டம் படுத்த ஆரம்பித்தது. எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்ற ரெண்டர் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் முடிகிற ஃபைல், மத்தியானச் சாப்பாடு வரை இழுத்தது. ஃபேன் சத்தம் அடுத்த கடை வரை கேட்டது.

பிராசசரின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 52 டிகிரி. ரெண்டர் தொடங்கியதும் 100. என்னுடையது இன்டெல் ஐ5-10400. அதற்கு 100 டிகிரிதான் எல்லை. அங்கே போய் முட்டினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறு கோர்களும் 4 கிகாஹெர்ட்சில் ஓட வேண்டியது, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே 94 டிகிரியை ஒட்டித்தான். அதையும் தாண்டிய சூட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது அந்தச் சின்னச் சில்லு.

சர்வீஸ் பையனைக் கூப்பிட்டேன். "அண்ணா, இந்தக் குளிர்ல சிஸ்டம் எப்படிண்ணா சூடாகும்? பிராசசர் வீக் ஆயிருக்கும், மாத்திடலாம்" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் ஃபேன் போகும், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போகும், ஹார்ட் டிஸ்க் போகும். பிராசசர் போவதுதான் அபூர்வம். சரி, நாமே பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

டெலிவரி கொடுக்க வேண்டிய வேலை கையில் இருந்ததால் முதலில் ஒரு தற்காலிக ஏற்பாடு. விண்டோஸ் பவர் ஆப்ஷன்சில் பிராசசரின் உச்ச அளவை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினேன். ஒரே ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அதில் டர்போ, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் தானாக ஏறும் வசதி, அடியோடு நின்றுவிடும், வேகம் 2.9-க்கு மேல் ஏறாது. சூட்டில் முட்டி முட்டி இறங்குவதை விட, 2.9-லேயே சீராக ஓடியது எவ்வளவோ மேல்.

வேலையைக் கொடுத்து முடித்த பிறகு நிதானமாக உட்கார்ந்தேன். இந்த மாதிரி நேரத்தில் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, பிராசசர் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம். அறை அப்போது 14 டிகிரி. சென்னையில் 32 டிகிரி அறையில் 52 காட்டினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், வித்தியாசம் 20தான். எனக்கு 38. குளிர் ஊர் என்பதாலேயே கோளாறு இவ்வளவு நாள் மறைந்து இருந்திருக்கிறது.

இரண்டாவது, சூடு ஏறும் வேகம். லோடு கொடுத்த ஓரிரு நொடியிலேயே சரேலென்று 90-க்குத் தாவினால், பிராசசருக்கும் அதன் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்குக்கும் தொடர்பு சரியில்லை. பத்து, பதினைந்து நிமிடமாக மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டத்தில் தகராறு. என்னுடையது நொடியில் 88-க்குப் போய், அங்கிருந்து நிதானமாக 100-க்கு நகர்ந்தது. ஆக, இரண்டு கோளாறுமே உண்டு.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் மேலோட்டத்துக்குச் சுத்தமாகத்தான் தெரிந்தது. ஃபேனை எடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே ஒரு படலம், கம்பளித் துணி மாதிரி, முழுசாக உரிந்து வந்தது. சமவெளியில் தூசி காய்ந்த மண்; புளோயர் அடித்தால் பறந்துவிடும். இங்கே ஸ்வெட்டர், கம்பளி, குல்லாய் என்று ஆண்டு முழுக்க நூல் உதிர்கிறது. கணப்புப் புகை வேறு. இரண்டின் மேலும் மூடுபனியின் ஈரம் படிந்து அப்படியே ஒட்டிக்கொள்கிறது. வெறும் புளோயருக்கு அது அசையவே இல்லை. பெயின்ட் பிரஷ்ஷால் தகடு தகடாகக் கிளறி, அப்புறம் ஊதினேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்ற விட்டால் பேரிங் கெட்டுப்போகும்.

அடுத்தது தொடர்பு. இன்டெல் பெட்டியோடு வரும் கூலருக்கு நான்கு பிளாஸ்டிக் ஊசிகள். அதில் ஒன்று மதர்போர்டு துளையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. அந்த மூலை தூக்கிக்கொண்டதால் ஹீட்சிங்க் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, இரண்டு பரப்பையும் பளபளக்கத் துடைத்தேன். கை சானிடைசர் போதாதா என்று கேட்பார்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும், வேண்டாம். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். ஹீட்சிங்க் அழுத்தத்தில் தானே பரவிக்கொள்ளும். ஊசிகளை எதிரெதிர் மூலையாகச் சேர்த்து அழுத்த வேண்டும். நான்கிலும் டிக் என்ற சத்தம் கேட்க வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பாமல் மதர்போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்து, நான்கு முனையும் வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். மொத்த வேலையிலும் முக்கியமானது இதுதான் என்பேன்.

மிச்சம் இருந்தது இடம். இந்த ஊரில் மேஜைக்கு அடியில் ரூம் ஹீட்டர் வைக்காத கடை குறைவு. பக்கத்திலேயே கேபினட். ஹீட்டர் ஊதுகிற காற்றைத்தான் முன்பக்க ஃபேன் இழுத்துக்கொண்டிருந்தது! கேபினட்டை மேஜை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. ஆறாயிரம் அடியை ஒட்டிய உயரத்தில் காற்று மெலிந்தது. சென்னைக் காற்றை விட அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே சுற்று சுற்றினாலும் தள்ளுகிற காற்றின் எடை குறைகிறது. வெப்பத்தை ஏந்திக்கொண்டு போவது அந்த எடைதான். குளிர் இதை ஈடுகட்டிவிடும், ஆனாலும் ஃபேன் சற்று முன்னதாகவே வேகமெடுப்பது நல்லது. விண்டோஸ் வரும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாசில் அதை மாற்றினேன். அங்கேயே பிராசசரின் மின்சார வரம்பையும் பார்த்தேன். 10400-க்கு நீண்ட நேர வரம்பு 65 வாட். கொஞ்ச நேரத்துக்கு மட்டும் 134 வரை போகலாம். என் மதர்போர்டு நேரக் கணக்கே இல்லாமல் 134-ஐத் திறந்து விட்டிருந்தது. 65-க்குக் கட்டினேன். ரெண்டர் கொஞ்சம் மெதுவானது உண்மைதான், ஆனால் சத்தம் அடங்கியது.

நண்பர்கள் லிக்விட் கூலர் போடச் சொன்னார்கள். 65 வாட்டுக்கு அது வீண் செலவு. நாள் முழுக்க முழு வேகத்தில் ஓட்டுகிறவர்கள் உயரமான ஹீட்சிங்க் உள்ள டவர் கூலர் வாங்கலாம். வாங்கும் முன் கேபினட்டின் உள் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பல டவர் கூலர்கள் 155 மில்லிமீட்டரைத் தொடும், ஒல்லியான கேபினட்டில் மூடி மூடாது.

இப்போது முழு ரெண்டரில் 62 காட்டுகிறது, அறையை விட 48 கூடுதல். மே மாத சீசனில் அறை 24-க்கு வந்தபோது 72 காட்டியது; வித்தியாசம் அதேதான் என்பதால் தொடவில்லை. அந்த வித்தியாசம் 55-ஐத் தாண்டினால் பிரஷ்ஷை எடுப்பேன்.