வேலை தேடும் நாட்கள்

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் வேலையாக எக்செலில் ஒரு தாள் திறந்தேன். நிறுவனம், பதவி, விண்ணப்பித்த தேதி, அனுப்பிய ரெஸ்யூமே, பேசிய ஆள், அடுத்து என்ன, எப்போது. கடைசி இரண்டும்தான் உயிர்நாடி. அவை காலியாக இருந்தால் அந்த விண்ணப்பத்தை நாமே மறந்துவிடுவோம்.

விளம்பரத்தையும் முழுசாக பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கெடு முடிந்ததும் பெரும்பாலும் தளத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். நேர்காணலுக்குக் கூப்பிடும்போது என்ன கேட்டிருந்தார்கள் என்று பார்க்க வேறு வழியே இருக்காது.

மார்ச் 5, புதன்

தோழி தன் ரெஸ்யூமேயைப் பார்க்கச் சொன்னாள். பக்கத்தை இடம், வலம் என இரண்டு பத்தியாகப் பிரித்து, பார்க்க அழகாக இருந்தது. எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினோம். இடப்பக்கத்து ‘எக்செல், பவர் பிஐ’ போய் வலப்பக்கத்து ‘2019–2022’ நடுவில் உட்கார்ந்துவிட்டது. விண்ணப்பங்களை வாங்கும் மென்பொருள்களில் பலவும் இப்படி எழுத்தை மட்டும் உருவித்தான் படிக்கின்றன. ஒரே பத்தியாக மாற்றினோம், வரிசை சரியாக வந்தது.

அப்புறம் வாக்கியங்கள். ‘மாதாந்திரக் கணக்குக்குப் பொறுப்பு’ என்று எழுதியிருந்தாள். அதனால் என்ன நடந்தது என்று கேட்டேன். பத்து நாள் இழுத்த வேலையை ஆறு நாளில் முடிக்க வைத்திருக்கிறாள்! அதை எங்குமே சொல்லவில்லை. எத்தனை பேர் இப்படித் தங்கள் உழைப்பை ஒரு சொல்லுக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்களோ.

மார்ச் 7, வெள்ளி

காலையில் மட்டும் விண்ணப்பம். மதியத்துக்கு மேல் வேலைத் தளங்களைத் திறப்பதில்லை. மனசுக்கும் ஓய்வு வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பேசும் அறிமுகங்கள் வழியாகத்தான் புதிய தகவல் அதிகம் வரும் என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதானே. 2022-ல் லிங்க்ட்இன் பயனர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வும் கிட்டத்தட்ட இதையே சொன்னது.

அதனால் பழைய சக ஊழியர் ஒருவருக்கு எழுதினேன்: “உங்கள் பிரிவில் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. பதினைந்து நிமிடம் பேச முடியுமா?” வேலை கேட்டால் அவருக்குச் சங்கடம். தகவல் கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்.

மார்ச் 14, வெள்ளி

எதிர்பாராத நேரத்தில் ஒரு ஹெச்.ஆர். அழைப்பு. “ஒரு நிமிடம்” என்று சொல்லித் தாளைத் திறந்தேன், விளம்பரம் கண் முன்னால் இருந்தது. எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்றார். இந்தப் பதவிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். தயங்காமல் சொன்னார். கேட்பதில் தப்பே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

வேறொரு இடத்திலிருந்து ‘உடனே வேலை’ என்று மின்னஞ்சல். பயிற்சிக் கட்டணம் முதலில் கட்ட வேண்டுமாம். வேலை கொடுப்பதற்கு முன்னால் நம்மிடம் பணம் கேட்டால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் இருப்பவர்களைக் குறிவைத்துப் பிடுங்குகிறார்களே என்று வயிறு எரிகிறது.

வெள்ளிக்கிழமை அழைத்தவர்கள் இரண்டாம் சுற்றுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். பரிந்துரைக்கு நான் பெயர் கொடுக்கப்போகும் இருவரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டாயிற்று. ஆனாலும் நாளைக் காலை வழக்கம்போல விண்ணப்பம் போகும். ஆஃபர் கடிதம் எழுத்தில் கைக்கு வரும்வரை தாளை மூடுவதாக இல்லை.